காப்பு கட்டிய குதிரைகள்

கழுகுமேட்டில் முதல் குதிரை கண்டுபிடிக்கப்பட்டபோது செண்பகவல்லி ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்த உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது என்று எல்லாம் செய்கிற கம்ப்யூட்டர் கடை அவளுடையது. பாத்திரக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி, தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்துவிட்ட பத்திரிகை வாசகத்தை, அவர்கள் பென்டிரைவிலேயே கொண்டுவந்திருந்தார். அதைச் சொருகியதும் மேசைமேல் இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து, சளி கட்டின ஒரு ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குதிரை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. என்ன செய்யலாம்?" என்று கேட்டது. திரையில் மூன்று பொத்தான்கள் இருந்தன: நீக்கு, தனிமைப்படுத்து, அப்புறம் பார்க்கலாம். செண்பகவல்லி எதையும் சட்டென்று தூக்கி எறிகிற ரகம் இல்லை, கம்பி ஒடிந்த குடையைக்கூட வைத்துக்கொண்டிருப்பவள். தனிமை என்கிற சொல்லில் அவளுக்குப் பயமும் இல்லை, அதில் அவளுக்கு நல்ல அனுபவம் இருந்தது. ஆகவே நடுப்பொத்தானை அழுத்தினாள். அழுத்தியதும் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியும் செத்துப்போன மானிட்டர்களும் கிடக்கிற முற்றத்தில், சாம்பல் நிறக் குதிரை ஒன்று நின்றுகொண்டு, பிழை விழுந்து ஒதுக்கிப்போட்ட பத்திரிகைத் தாள்களை மென்றுகொண்டிருந்தது.

சங்கரலிங்கம் அண்ணாச்சி பின்வாசலில் எட்டிப் பார்த்தார். "இது நம்ம கணக்குல வருமா, மாப்பிள்ளை வீட்டுக் கணக்குல வருமா?" என்று கேட்டார்.

"பென்டிரைவு அவுக வீட்டுதுதானே அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி.

அவர் அங்கேயே நின்று போன் போட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார், தங்கள் பென்டிரைவில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது, தாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை, இந்த மாதிரி இன்னொரு தடவை பேசினால் சம்பந்தமே வேண்டாம் என்று கத்தினார். கல்யாணம் முக்கியம் என்பதால் குதிரையை யாரும் உரிமை கொண்டாடவில்லை, அது செண்பகவல்லியிடமே தங்கிவிட்டது. அவள் அதற்குச் சாம்பான் என்று பேர் வைத்தாள்.

இது எப்படி நடந்தது என்று பிற்பாடு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள், ஆனால் செண்பகவல்லிக்கு அதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை, ஏனென்றால் அவள் கம்ப்யூட்டர் படித்த காலத்தில் வைரஸ் என்பது செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவது. கோவில்பட்டியில் ஒரு மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிப்போட்டு, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஏசி அறைக்குள் நுழைய வேண்டும். தும்முகிற பிள்ளைகளை மாஸ்டர் கீபோர்டுப் பக்கம் அண்டவிட மாட்டார். பிறகு அது செருப்பில் வரவில்லை, பிளாப்பியில் வருகிறது என்று தெரிந்தது. ஒருநாள் அவள் கண்ணெதிரே, திரையில் அடித்து வைத்திருந்த எழுத்தெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் குவிந்தபோது, மாஸ்டர் வேறு வழி தெரியாமல் சூடம் ஏற்றிக் காட்டினார். அதன் பிறகு சிடி வந்தது, சிடியோடு காவல் மென்பொருள் வந்தது, அந்தக் காவலைக் காசு கொடுக்காமல் திறந்துகொள்ளத் திருட்டுச்சாவி வந்தது, திருட்டுச்சாவிக்குள்ளேயே வைரஸ் வந்தது. இலவசக் காவல்கள் வந்த காலத்தில், கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் அது காவல்காரனுக்கு வழிவிட்டு நின்றுகொண்டுதான் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் கத்துகிறதே ஆபத்தாக இருந்த காலமும் உண்டு. இத்தனையையும் பார்த்தவளுக்கு, வந்தது குதிரை என்று தெளிவாகச் சொன்ன ஒரு காவல் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தக் காவலின் பேர் காப்பு. மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி, வரவேற்பில் இருக்கிற பெண்ணையும் சேர்த்தாலும் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம், அவ்வளவு ஆட்கள்தான், அதைத் தமிழில் போட்டார்கள். தமிழில் விற்கத் தெரிந்தவனுக்குத் தமிழில் எழுதவும் தெரியும் என்பது முதலாளியின் எண்ணம், ஆகவே விற்பனைக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காளிராஜிடமே மொழிபெயர்ப்பும் வந்துசேர்ந்தது. ட்ராய் குதிரை என்று ஒரு வகை வைரஸ் உண்டு; நல்ல சாமான் மாதிரி வந்து நின்று, நாமே வாசலைத் திறந்து உள்ளே விடுகிற வரைக்கும் சாதுவாக இருக்கிற வகை. ட்ராய் என்பது ஏதோ வெளியூர், நம் ஆட்களுக்கு எதற்கு என்று நினைத்தும், கட்டத்துக்குள் இடம் போதாமலும் காளிராஜ் ஊர்ப்பேரை வெட்டிவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டார். வார்ம் என்று இன்னொரு வகை. அது புழு என்று அவருக்குத் தெரியாது, வெதுவெதுப்பு என்று நினைத்துக்கொண்டார். அதனால்தான் கழுகுமேட்டில் புழு வரவே இல்லை. அந்த வகை வைரஸ் அகப்பட்டால், "வெதுவெதுப்பு கண்டுபிடிக்கப்பட்டது" என்று குரல் சொல்லும், கடை முழுக்க இதமான ஒரு சூடு பரவும். ஐப்பசி அடைமழையில் பக்கத்து இட்லிக்கடை முத்துலட்சுமி மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "செம்பகம், நல்ல பென்டிரைவா ஒண்ணு சொருகேன், மாவு பொங்க மாட்டேங்குது," என்பாள்.

காப்பு என்கிற பேர் ஊருக்குள் சுலபமாக ஒட்டிக்கொண்டது. பங்குனித் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் கழுகுமேட்டுக்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது, விரதம் முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எங்கே போனாலும் பொழுது சாய ஊர் வந்து சேர வேண்டும். அந்தப் பழக்கத்தில், "கம்ப்யூட்டருக்குக் காப்பு கட்டியாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். குதிரைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஊர் எல்லையில் இருக்கிற சிமென்ட் வளைவு வரைக்கும் போகும், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன பச்சை தெரிந்தாலும் ஒரு அடி எடுத்து வைக்காது.

குதிரைகள் என்று சொல்வது, வந்தது சாம்பானோடு நிற்கவில்லை என்பதால்தான். அடுத்தது ஒரு கறுப்பு, அதற்கடுத்து நெற்றியில் வெள்ளை விழுந்த ஒன்று, ஒரே மெமரி கார்டிலிருந்து தாயும் குட்டியுமாக இரண்டு. முதலில் எழுந்த கேள்வி குதிரை யாருக்குச் சொந்தம் என்பது. கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, கம்ப்யூட்டர்காரிக்கா பென்டிரைவுக்காரருக்கா என்று பொழுதுக்கும் பேசி, பென்டிரைவு யாருடையதோ குதிரையும் அவருடையது, தீனியும் அவர் பொறுப்பு, சாம்பான் மட்டும் விதிவிலக்கு என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலையில் கழுகுமேட்டில் இரவல் வாங்கின பென்டிரைவுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் உரியவர்களிடம் திரும்பிப்போயின. ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தர்மராஜின் பென்டிரைவிலிருந்து ஒரே மூச்சில் ஒரு மந்தையே இறங்கியது. அவர் வீட்டம்மா வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் பைலுன்னுதானே சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் அவரிடம் பேசியது தீபாவளிக்குத்தான்.

ஊர் வெகு சீக்கிரம் பழகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் தேடுவது நின்றது. கடைகளில் கொள்ளு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பஸ் டிரைவர்கள் வளைவு தாண்டியதும் ஹார்னில் வைத்த கையை எடுத்துவிடக் கற்றுக்கொண்டார்கள். கால்நடை மருத்துவர் ஊசி போட வந்தபோது, எங்கே வாங்கியது என்று கேட்க, எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு உள்ளூர் இனம் என்று எழுதிக்கொண்டு போனார். மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காகத் தையல்கடை பரமன் மதுரைக்குப் போய், சந்து சந்தாக ஏறி இறங்கி, பார்த்தாலே பயமாக இருக்கிற கடையிலெல்லாம் சினிமாப் படம் ஏற்றிக்கொண்டு வந்தான். செண்பகவல்லி அதைச் சொருகினாள். குதிரை வரவில்லை, வெதுவெதுப்புத்தான் வந்தது. "கொடுப்பினை இல்லக்கா," என்று சொல்லிவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு போனான்.

நீக்கு என்பதை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஜெயசீலன் வாத்தியார் வீட்டில்தான் தெரிந்தது. அவர் எதிலும் சுத்தம் பார்க்கிறவர், வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காப்பு கட்டின அன்றைக்கே குரல் கேட்டதும், எத்தனையோ வருடப் பழக்கத்தில் நீக்கு என்று தட்டிவிட்டார். வீட்டு முன்னால் செவலைக் குதிரை ஒன்று நின்றது, அவரை ஒருதரம் பார்த்தது, நின்ற வாக்கிலேயே சரிந்தது. ஜேசிபி வைத்துத்தான் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இத்தனை காலமாகத் தான் நீக்கு நீக்கு என்று தட்டித் தள்ளியதெல்லாம் எங்கே போய் விழுந்திருக்கும் என்று அவர் தெருவில் எல்லோரிடமும் கேட்டார், கேட்டுவிட்டு மொட்டை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கழுகுமேட்டில் யாரும் எதையும் நீக்குவதில்லை, போன்களில் காலை வணக்கப் படங்கள் கூட அழிபடாமல் நிரம்பிக் கிடக்கின்றன.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற எஸ்தர் மேடம் திருவிழாவுக்கு வந்தபோது, அந்த வெட்டுப்பட்ட ஊர்ப்பேரின் கதையைச் சொன்னாள். ட்ராய் என்கிற கோட்டையை ஜெயிக்க முடியாதவர்கள் மரத்தில் ஒரு குதிரை செய்து வாசலில் விட்டுப் போனார்களாம், பரிசு என்று நினைத்து அந்த ஊர்க்காரர்களே உள்ளே இழுத்துக்கொண்டு போனார்களாம், எல்லோரும் தூங்கினதும் குதிரையின் வயிற்றுக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கினார்களாம். ஊர் கொஞ்ச நாள் கலங்கிப்போனது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு குதிரையின் வயிற்றையும் தட்டிப் பார்த்தார்கள், குதிரைகள் கூச்சத்தில் நெளிந்தன. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு வாயு என்றார். ஊர் அதை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. செண்பகவல்லி மட்டும் சாம்பானின் வயிற்றில் காதை வைத்து வெகு நேரம் கேட்டாள். உள்ளே யாரோ கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது; தட்டும், நிற்கும், எதற்கோ காத்திருக்கும், மறுபடியும் தட்டும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் ஒன்றும் இல்லாத ஜீவன் எது என்று நினைத்துக்கொண்டு, தொட்டியில் தண்ணீர் மாற்றப் போனாள்.

அவளுக்குப் பிடிக்காதது மூன்றாவது பொத்தான்தான். செண்பகவல்லியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள், வீடு நன்றாக இருக்கிறது என்றார்கள், வெற்றிலையை மடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, ஏதோ பேசி வைத்துக்கொண்ட மாதிரி, "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். சொன்னவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அப்பா போனபிறகு கேசரி கிண்டுவதையே அவள் விட்டுவிட்டாள். ஆகவே அந்தப் பொத்தான் அவள் திரையில் இத்தனை வருடமாக இருந்தும், அம்புக்குறி தெரியாத்தனமாகக்கூட அதன் மேல் போனதில்லை.

காளிராஜ் வருடத்துக்கு ஒருமுறை வருவார். காப்பின் கெடு முடியப்போகிற சமயத்தில், "உங்கள் காப்பு முடியப்போகிறது, உங்கள் காப்பு முடியப்போகிறது" என்று குரல் பிடித்துக்கொள்ளும். குதிரைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். கொள்ளு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அவர் தோளில் பையோடு மதுரை பஸ்ஸில் வந்து இறங்கி, புதுச்சாவிக்கான நீள எண்ணைத் தட்டி முடித்ததும், முற்றத்தில் சாம்பான் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து நிமிரும், தெருத் தெருவாகக் கனைப்புக் கேட்கும். முதல் தடவை அவர் கடைக்குள் நுழைந்து, "வணக்கம் மேடம், காப்புல இருந்து வர்றேன்," என்று சொன்னபோது, ஜெராக்ஸுக்கு நின்றிருந்தவர்கள் எல்லோரும் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள், புதுக்குதிரை என்ன நிறம் என்று. ஸ்பீக்கரில் பேசுகிற குரல் அவருடையதுதான். கம்பெனியில் வேறு குரல் இல்லை.

"பதிவு பண்ணுறப்ப சளி பிடிச்சிருந்துச்சா சார்?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"ஆமாங்க மேடம். பாத்ரூம்ல வச்சுத்தான் பதிஞ்சோம். அங்கதான் குரல் கம்பீரமா வரும்னு முதலாளி சொல்லிட்டாரு. ஈரம் ஒத்துக்கல."

வருடம் பூராவும் தன்னிடம் என்ன செய்யலாம், என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு குரல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து முத்துலட்சுமி கடை இட்லியைத் தின்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊர் ஊராகச் சுற்றியதில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்று அவரே சொன்னார். கெடு முடிகிற மாதம் வந்தால் அவள் பின்முற்றத்தைப் பெருக்கி வைப்பாள், குதிரைகள் சோர்ந்து நிற்பதைப் பார்த்துப் பாவமாகவும் இருக்கும், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும், அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அப்புறம் காலம் மாறியது. புதிதாக வருகிற கம்ப்யூட்டர்கள் காவலையும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தன. அந்தக் காவலுக்குக் காசு கிடையாது, குரல் கிடையாது, கெடுவும் கிடையாது. என்ன செய்யலாம் என்று அது யாரையும் கேட்பதில்லை, எதைக் கொன்றது என்று சொல்வதும் இல்லை. வீட்டுக்கு வீடு காப்பு கட்டினவர்கள் எல்லோரும், வெயிலுக்குக் கழற்றின சட்டையை மறக்கிற மாதிரி அதை மறந்தார்கள். குதிரைகள் வருவது நின்றது, இருந்த குதிரைகள் மட்டும் செண்பகவல்லி கடையின் பழைய கம்ப்யூட்டரில் கட்டின காப்பை நம்பி நடமாடிக்கொண்டிருந்தன. அந்த வருடம் குரல் ஓயாமல் கத்தியும் காளிராஜ் வரவில்லை. குதிரைகள் தெருவில் நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் படுத்தன. பஸ் டிரைவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். தர்மராஜ் தன் மந்தைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வீட்டம்மா பக்கத்தில் நின்று விசிறினாள். சாம்பான் முற்றத்தில் மானிட்டர்களுக்கு நடுவே கால்களை மடக்கிக் கிடந்தது, செண்பகவல்லி உள்ளங்கையில் கொள்ளை வைத்து நீட்டினால் கையை நக்கியது, கொள்ளைத் தொடவில்லை.

கடைசியில் காளிராஜ் வந்து இறங்கியபோது, தோளில் எப்போதும் தொங்குகிற பை இல்லை.

"கம்பெனிய மூடிட்டாங்க மேடம். சாவி போடுற சர்வரும் நின்னுபோச்சு. இனிமே எண்ணே கிடையாது."

"அப்ப இதுக?"

காளிராஜ் முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கெடு முடிந்தால் இவை இப்படியே படுத்துக் கிடந்து, தின்னாமல் குடிக்காமல் மெல்ல மெல்லப் போகும், அதைப் பார்க்க மனசு தாங்காது, அதைவிடக் காப்பை முறையாக அவிழ்த்துவிடுவது உத்தமம் என்று சொன்னார். அவிழ்க்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும் என்றும் சொன்னார். அதற்குள் கடை வாசலில் ஊர் கூடிவிட்டது, பங்குனிக் காப்பு கட்டுகிற பூசாரி உலகநாதனும் வந்து நின்றார். காளிராஜ் உட்கார்ந்து எங்கெங்கேயோ தட்டினார். திரையில் பெரிய பெட்டி ஒன்று வந்தது, அவருடைய குரலே செருமிக்கொண்டு வாசித்தது: "காப்பு அவிழ்க்கப்படுகிறது. தனிமைப்படுத்தியவற்றையும் நீக்கவா?" கீழே ஆம், இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று பொத்தான்கள். அவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில், ஒரு நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் ஆம் என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது.

"ஆம்னு கொடுத்தா?" என்று ஜெயசீலன் வாத்தியார் கேட்டார். கேட்டாரே தவிர அவருக்குப் பதில் தெரியும், அன்றைக்கு மொட்டை அடித்த தலையைத் தடவிக்கொண்டார்.

"இல்லைன்னு கொடுங்க சார், இதுல என்ன யோசனை," என்றாள் முத்துலட்சுமி.

"இல்லைன்னா அதுக வந்த இடத்துக்கே திரும்பிப் போயிரும்க்கா. வெளிய நிக்கிறது உள்ள போயிரும். உள்ள போனா என்ன செய்யும்னு..." காளிராஜ் முடிக்கவில்லை.

எல்லோரும் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஊரின் பட்டாவும் பிறப்புச் சான்றிதழும் கல்யாணப் படங்களும் பிள்ளைகளின் மார்க்கும் இப்போது பென்டிரைவிலும் போனிலும்தான் இருந்தன. சாம்பானின் வயிற்றுக்குள் கேட்ட தட்டல் செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது, எதற்கோ காத்திருக்கிற அந்தத் தட்டல். ஆம் என்றால் குதிரைகள் சாகும். இல்லை என்றால் குதிரைகள் மறுபடியும் வைரஸாகும், ஊர் சாகும். பொடி எழுத்துக்குப் பக்கத்தில் நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. காளிராஜ் அம்புக்குறியை ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"நீங்க எந்திரிங்க சார்," என்றாள் செண்பகவல்லி.

அவர் எழுந்தார், அவள் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அம்புக்குறியை அந்த மூன்றாவது பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள். கேசரித் தட்டும், மடித்த வெற்றிலையும், வாசல் வரைக்கும் போய் வழியனுப்பின அப்பாவின் முகமும் வந்து போயின. அவள் அழுத்தினாள். பெட்டி மறைந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முற்றத்தில் மானிட்டர்கள் உருளுகிற சத்தம் கேட்டது, சாம்பான் முன்கால்களை ஊன்றி, உடம்பைச் சிலிர்த்து, எழுந்து நின்றது. தெருவில் ஒவ்வொன்றாக எழுந்தன. காளிராஜுக்கு இது விளங்கவில்லை. அவிழ்க்கத் தொடங்கிவிட்டதால் கெடு பார்க்கிற வேலை நின்றுபோயிருக்கும், அவிழ்த்து முடிக்காததால் காப்பும் இருக்கும் என்று இழுத்தார். பூசாரி உலகநாதன் அவ்வளவு யோசிக்கவில்லை. "அவுக்கத் தொடங்கி அவுக்காத காப்பு, கட்டுன காப்புதான்," என்று தீர்ப்புச் சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் பெட்டி திரும்பி வந்தது. முத்துலட்சுமி எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது, அதே குரல், அதே கேள்வி, அதே ஒரு நிமிடம். செண்பகவல்லி மறுபடியும் மூன்றாவதை அழுத்தினாள். அப்புறம் என்பதற்கு அளவு எதுவும் கம்பெனிக்காரர்கள் எழுதி வைக்கவில்லை, ஆகவே அது தோன்றினபோது வந்தது, சில சமயம் உடனே, சில சமயம் பொழுது சாய. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தன்னிடம் திரும்பி வந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது, அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இனி அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது, முன்னால் எந்நேரமும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று ஆனது. ஊர் அதற்கும் வழி செய்துகொண்டது. மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து கடைக்கு ஒரு ஒயர் இழுத்தார்கள். கரண்டு நிறுத்துவதற்கு முன்னால் லைன்மேன் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு வேளை என்று முறை வைத்தார்கள், முதல் முறையை ஜெயசீலன் வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டார், தர்மராஜும் வீட்டம்மாவும் சேர்ந்து உட்காருவதாகச் சொன்னார்கள். பரமன், தனக்குக் குதிரை இல்லாவிட்டாலும் ஒரு முறை வேண்டும் என்றான்.

கூட்டம் கலைந்தது. கடைசி மதுரை பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. காளிராஜ் வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். சாம்பான் பின்வாசல் வழியாகக் கழுத்தை நீட்டி, பை இல்லாத அவர் தோளை முகர்ந்து பார்த்தது.

"வேலையும் போச்சு. அங்க போயும் ஒண்ணும் இல்ல, இங்க இருந்தும் ஒண்ணும் இல்ல," என்றார் அவர். பிறகு, இத்தனை வருடமாக ஸ்பீக்கரில் கேட்ட அதே குரலில், அதே செருமலோடு கேட்டார்: "கிளம்பட்டுமா மேடம்? என்ன செய்யலாம்?"

செண்பகவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்புறம் பார்க்கலாம்," என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதிப் பார்த்துவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னார், வளைவு வரைக்கும் கூடவே போன குதிரைகள் அங்கேயே நின்று திரும்பின.